தகுதி பார்த்துப் போட்ட பந்தி

திருவிருந்துக்கு மார்க் போடுகிறார்கள். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். இளையவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். காலை மாத்திரையைப் போட மறந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பக்கத்து ஃப்ளாட் பெண் எங்கள் சபைதான். திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். நம் சபைகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வளர்ந்த பிறகு பாடம் படித்து, கேள்விக்குப் பதில் ஒப்பித்து, பிஷப் வந்து தலையில் கைவைத்த பிறகுதான் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும். அந்தப் பெண் போன வாரம் லிஃப்ட் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மார்க் குறைந்துவிட்டதாம். இந்த ஈஸ்டருக்கு அவளுக்குக் கிடையாதாம்.

வகுப்பு நடத்தும் தம்பியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டேன். நல்ல பிள்ளைதான். ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை.

“ஏன்ப்பா, விருந்துக்கு எதுக்கு மார்க்கு?”

“ஒரு ஸ்டாண்டர்டு வேணாமா ஆன்ட்டி? தகுதி இல்லாம எப்படிக் குடுக்கிறது?”

“அந்தத் தகுதி உனக்கு இருக்கா?”

“நான் எங்க பேட்ச்ல ஃபர்ஸ்ட்டு ஆன்ட்டி.”

கேலிக்குச் சொல்லவில்லை. மனமாரச் சொன்னான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பிரசங்கத்தில் கிருபை, கிருபை என்று போதகர் தொண்டை வறளப் பேசினார். இவன்தான் முன் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் அக்காவின் இரண்டு கைகளும் கண்முன்னாலேயே நின்றன.

அந்தக் கைகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது நாங்கள் தொம்மலூரில் பழைய ஊர்ப்பக்கம் இருந்தோம். இன்றைக்கு அங்கே போய் நின்றால் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் அடியில் எங்கள் வீடு இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓட்டு வீடு. பின்பக்கம் துவைக்கிற கல், அதன் மேல் நிழலாக ஒரு புங்க மரம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அந்த மரம் பூக்கும். கல்லின் மேலும் வாளித் தண்ணீரிலும் எங்கள் தலையிலும் பொரி கொட்டினாற்போல் பூ உதிர்ந்து கிடக்கும். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அம்மா வீட்டிலேயே இருந்து தையல் மெஷின் மிதிப்பாள். அக்கா, நான். அவ்வளவுதான் வீடு.

அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். பால் குடிக்கிற பருவத்தில் ஒரு காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டாள் என்று சொல்லி, பிழைத்தாள். ஆனால் சொற்கள் அவளிடம் தங்காது. தெருநாய்க்கு இன்றைக்கு ஒரு பேர் வைப்பாள், நாளைக்கு வேறு பேர் சொல்லிக் கூப்பிடுவாள். நாய் இரண்டுக்கும் வரும். அதற்காக அவளைப் பாவம், வாயில்லாப் பூச்சி என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் பங்கு மாங்காயையும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தின்றது இவள்தான் என்று என்னைக் காட்டி அம்மாவிடம் சொல்வாள். தாயம் ஆடினால் காய் தானாக நகரும். கோபம் வந்தால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். “பேடா, ஹோகு” என்பாள். வேண்டாம், போ என்று. ஜெபக் கூட்டத்துக்கு வீடு வந்த ஐயரிடமே, ஜெபம் நீண்டுவிட்டது என்று அப்படிச் சொல்லியிருக்கிறாள். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்பதுதான் பழக்கம். அந்த ஐயர் சிரித்துவிட்டு ஆமென் சொன்னார்.

அவளுக்குக் கோயிலில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் வரிசையாக எழுந்து போய்ப் பீடத்தின் முன்னால் கிராதி ஓரமாக முழங்காலிடுகிறார்களே, கையில் எதையோ வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்களே, அது. எதற்கு வேண்டும் என்று கேட்டால், “எல்லாரும் போறாங்க. நானும்” என்பாள். இதைவிட நல்ல காரணம் சொன்னவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஆனால் பரீட்சை இருந்தது. நாலைந்து வருஷமாக அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்தாள். கூட இருந்த பிள்ளைகள் தேறித் தேறிப் போனார்கள். வருகிற பிள்ளைகள் வருஷா வருஷம் குட்டையானார்கள், அக்கா மட்டும் உயர்ந்துகொண்டே போனாள். முதல் வருஷம் அம்மா அவளுக்கு வெள்ளையில் ஒரு பாவாடை தைத்தாள், திடப்படுத்தலுக்கு என்று. அந்த வருஷம் போடவில்லை. அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்து நீளமாக்கினாள். அதற்கடுத்த வருஷமும். தையலைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நிற்கும், துவைத்தாலும் போகாது. பாவாடையின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பழைய வருஷங்கள் கோடு கோடாகத் தெரியும். கடைசியில் அது காபி வடிகட்டும் துணியாகி, அப்புறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்திருந்தால் அந்த மார்க் போடும் தம்பியின் கையில் கொடுத்திருப்பேன்.

நான் சொல்கிற லெந்து காலத்தில் அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த வருஷம் அக்கா தேறியாக வேண்டும். அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் திடப்படுத்தலுக்கான வினாவிடை முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சபைக்கு முன்னால் ஒப்பித்தவர் என்பது எங்கள் வீட்டில் சாமான்களோடு சாமானாக இருந்த செய்தி. ஆராதனைப் புத்தகத்தைக் கையில் எடுக்கவே மாட்டார். எல்லாம் மனப்பாடம். அவர் குரல்தான் கோயிலில் முதலில் கேட்கும், மற்றவர்கள் பின்னால் ஓடி வருவார்கள்.

“கஷ்டப்பட்டா வரும்” என்றார். “இவள யாரும் கஷ்டப்பட விடல, அதான் வரல.”

முதலில் ரேடியோ அலமாரிக்குள் போயிற்று. அப்புறம் அக்காவின் காபியில் சர்க்கரை நின்றது. பதில் சொன்னால் பேக்கரியிலிருந்து முழு தில்பசந்த் என்று ஆசை காட்டினார். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த அந்தத் தில்பசந்த் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் குழந்தையும் வளர்ந்ததில்லை. அக்கா அதன் பெயரைக் கேட்டதும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள், பதில் மட்டும் வரவில்லை.

சொல்லிக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துவைக்கிற கல்லில் அவளை உட்கார வைப்பேன். வினாவிடையில் ஒரு கேள்வி இருந்தது. மனிதன் எதனால் தேவனுக்கு முன்பாக நீதிமானாகிறான் என்பது கேள்வி. தன் கிரியைகளினால் அல்ல, தன் முயற்சியினால் அல்ல, தேவன் இலவசமாகத் தரும் கிருபையினால் மாத்திரமே என்று பதில் தொடங்கும், இன்னும் நீளமாகப் போகும். செக்ரட்டரி மாமாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். அவர்தான் வகுப்பும் நடத்தினார், கமிட்டிக்குச் செக்ரட்டரியாகவும் இருந்தார். எல்லா வருஷமும் யாரையாவது அதைக் கேட்டுவிடுவார்.

“மனிதன் தன் கிரியைகளினால் அல்ல. சொல்லு.”

“மனிதன் தன் கிளிகளினால்.”

“கிளி இல்லக்கா. கிரியை.”

“கிளி நல்லா இருக்கு” என்பாள். தலையில் புங்கம்பூவோடு அவள் அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிடும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும் சைக்கிள் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனையோடு வந்து கல்லின் எதிரே குந்திக்கொள்வார்.

“இன்னொரு தரம்.”

இதுதான் அந்த லெந்து முழுவதும் எங்கள் வீட்டில் கேட்ட வார்த்தை. இன்னொரு தரம். அக்கா அழுவாள், காபி கசக்கிறது என்பாள், பேடா என்பாள். இன்னொரு தரம். உன் முயற்சியால் ஆகாது என்பதை அவள் முயற்சி செய்து, முயற்சி செய்து, முயற்சி செய்து சொல்ல வேண்டும். அதில் இருக்கிற அக்கிரமம் படித்தவர்கள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பரீட்சை ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. கன்டோன்மென்ட் பக்கத்துக் கோயில். உயரமான ஜன்னல்கள், வெயில் நிறம் நிறமாகத் தரையில் விழும். பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்க, பெற்றோர் பெஞ்சுகளில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். ஐயர் ஒரு பக்கம் நாற்காலியில். செக்ரட்டரி மாமா நின்றுகொண்டு கேட்பார். பிள்ளைகள் மழை மாதிரிக் கொட்டினார்கள். ஒரு பிள்ளைக்கும் தான் சொன்னது என்ன என்று தெரியாது. அதையெல்லாம் யார் கேட்டார்கள்.

அக்காவின் முறை வந்தபோது ஐயரே முந்திக்கொண்டார்.

“உன்னை உண்டாக்கினது யாரும்மா?”

“கர்த்தர்” என்றாள் அக்கா, கோயில் அதிர.

“ரொம்ப நல்லது. போதும்.”

“ஐயா, அது சின்னப் பிள்ளைங்க கேள்வி” என்றார் செக்ரட்டரி மாமா. “பெரிய பாடத்துல ஒண்ணாவது சொல்லணும். இல்லன்னா மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்க.” அக்கா பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். மனிதன் எதனால் நீதிமானாகிறான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெஞ்சிலிருந்து வாயை அசைத்தேன்.

“அங்க பாக்காதம்மா. யாரும் உதவி செய்யக் கூடாது. நீயா சொல்லு.”

நீயா சொல்லு. நண்பர்களே, இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். உன்னால் ஆகாது, உனக்காக இன்னொருவர் செய்து முடித்துவிட்டார் என்பதுதான் பதில். அந்தப் பதிலை நீயாகச் சொல், யார் முகத்தையும் பார்க்காதே என்கிறார் ஒரு மனிதர், அதுவும் சிலுவைக்குக் கீழே நின்றுகொண்டு.

“மனிதன் தன்” என்றாள் அக்கா. இன்னொரு தரம் “மனிதன் தன்” என்றாள். வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்றது, உடனே எல்லாம் சிரித்தன. அக்கா “பேடா” என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

ஐயர் நாற்காலியை விட்டு எழுந்தார். பயந்த சுபாவம் உள்ள மனிதர், அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. “பிள்ளைக்கு ஆசை இருக்கு. அது எனக்குப் போதும். நான் சேத்துக்கிறேன்” என்றார்.

அதோடு முடிந்திருக்கும். எல்லாம் நல்லபடியாக அங்கேயே முடிந்திருக்கும். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்த்தேன். அப்போது அப்பா எழுந்து நின்றார்.

“வேணாங்க ஐயா. என் பொண்ணுக்கு யாரும் இரக்கப்பட்டு எதையும் குடுக்க வேணாம். மத்த பிள்ளைங்க மாதிரி சொல்லிட்டு வாங்கட்டும். அடுத்த வருஷம் வரட்டும்.”

செக்ரட்டரி மாமா, “அப்பாவே சொல்லிட்டாரு” என்றார். ஐயர் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மெஷினில் உட்காரவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை. நடுவீட்டில் நின்றாள்.

“இரக்கப்பட்டுக் குடுத்தா என்னங்க குறைச்சல்? உங்களுக்கு மட்டும் ஆண்டவரு வேற எதுக்காகக் குடுத்தாரு? நீங்க போட்ட நட்டு போல்ட்டுக்காகவா?”

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா தங்கவயல் கதை ஒன்றைச் சொன்னார். கிறிஸ்துமஸ் சமயத்தில் துரைமார் பங்களா வாசலில் லைன் பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுப்பார்களாம். கையில் கொடுக்க மாட்டார்கள். படிக்கட்டு மேலே நின்று வீசுவார்கள். பிள்ளைகள் மண்ணில் விழுந்து புரண்டு பொறுக்குவதைப் பார்த்து மேலே நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அப்பா பொறுக்கிய மிட்டாயை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். சுரங்கத்திலிருந்து ஏறி வந்திருந்த அவருடைய அப்பா அதைத் தட்டிவிட்டு, இனிமேல் எவனிடமும் சும்மா எதையும் வாங்காதே என்று அறைந்திருக்கிறார்.

“அதுல இருந்து நான் எதையும் சும்மா வாங்கினதில்ல” என்றார் அப்பா.

இப்போது எனக்குப் புரிகிறது. அப்பா கடவுளையும் அந்தப் பங்களாப் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மேலே நின்று வீசுகிறவர் ஒருவர், கீழே இறங்கி வந்து கையில் வைக்கிறவர் இன்னொருவர் என்பது வினாவிடையைக் கரைத்துக் குடித்த அவருக்குத் தெரியவில்லை. புரிகிறது என்பதால் கோபம் போய்விடவில்லை. யாரோ துரை வீசிய மிட்டாய்க்கு எங்கள் அக்கா ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

ஈஸ்டர் கழிந்து திடப்படுத்தல் ஞாயிறு வந்தது. அம்மா அந்த வெள்ளைப் பாவாடையை எடுத்து அக்காவுக்குக் கட்டிவிட்டாள். அப்பா பார்த்தார். “ஞாயித்துக்கிழமை. வெள்ளை கட்டக் கூடாதுன்னு கமிட்டில எழுதியிருக்கா?” என்றாள் அம்மா. பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பூத்திருந்த மரத்துக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

பிஷப் வந்தார், பிள்ளைகள் தலையில் கைவைத்தார், பாட்டுப் பாடினார்கள். திருவிருந்து நேரம் வந்தது. வெள்ளை உடுத்திய பிள்ளைகள் வரிசையாக எழுந்து போனார்கள். அக்கா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். தானும் வெள்ளை. எழுந்தாள், போனாள். அம்மா பிடிக்கவில்லை. அப்பாவுக்கு எட்டவில்லை.

கிராதியின் கடைசியில் முழங்காலிட்டாள். நான் துவைக்கிற கல்லில் சொல்லிக் கொடுத்திருந்தபடி இடது கைமேல் வலது கையை வைத்து, கிண்ணம் போல நீட்டினாள். ஐயர் அப்பத் தட்டோடு ஒவ்வொரு கையாக வைத்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் வந்ததும் நின்றார். பக்கத்தில் செக்ரட்டரி மாமா தலையை அசைத்தார். ஐயர் பெஞ்சுப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினார். அப்பா ஆராதனைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், புத்தகம் தேவைப்படாத மனிதர்.

ஐயர் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள். அக்கா அப்படியே இருந்தாள். அடுத்த வரிசைக்காரர்கள் வந்து அவளைச் சுற்றிக்கொண்டு முழங்காலிட்டார்கள். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் திரும்பி எங்களைப் பார்த்து, பாட்டுக்கும் மேலே கேட்கும்படி, “எனக்குக் குடுக்கல” என்றாள். அம்மாதான் போய் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கோயிலில் அன்றைக்கு எத்தனையோ பெரியவர்கள் இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டதைத் தவிர ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

அன்றிலிருந்து அம்மா திருவிருந்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கோயிலுக்கு வருவாள், பாடுவாள், எல்லாம் செய்வாள். மற்றவர்கள் எழுந்து போகும்போது அக்காவின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். இரண்டு முதல் ஞாயிறுகள் போனதும் செக்ரட்டரி மாமா வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தோம். அவருக்குச் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தோம்.

“சிஸ்டர், நீங்க வராம இருக்கிறது சபைக்குள்ள பேச்சாயிருச்சு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல, நீங்க தாராளமா வரலாம்” என்றார்.

“அவ இல்லாத பந்தியில நான் உக்கார மாட்டேண்ணே.”

“அப்படிச் சொல்லக் கூடாது. அவளுக்குத் தகுதி வந்ததும்...”

“கல்யாண வீட்ல இலை முன்னாடி வந்து உக்காந்த பிள்ளைய, மந்திரம் சொல்லு பாக்கலாம், அப்புறம் சோறுன்னு யாராவது எழுப்பிவிடுவாங்களா? பிள்ளைங்களத்தானே மொதல் பந்தியில உக்கார வைப்போம்?”

“அது சாப்பாடும்மா. இது சாக்கிரமெந்து, பரிசுத்தமான சடங்கு.”

“பேரு விருந்துன்னுதானே வெச்சிருக்கீங்க?”

மாமா காபியை முடித்தார். அப்பாவிடம், “நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா சார்” என்று கேட்டார். அப்பா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் அவரிடம் சமையல், தண்ணீர், பால்காரர் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. ரேடியோ அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆனால் யாரும் போடவில்லை.

முதல் ஞாயிறு வந்தால் எங்கள் பெஞ்சிலிருந்து அப்பா ஒருவர்தான் எழுந்து போவார். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்ததும் அக்கா தலையைத் தூக்கி, “எனக்கு?” என்று கேட்பாள். சண்டைக்குக் கேட்பதில்லை. கேட்பாள், அவ்வளவுதான். முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா காதில் விழாததுபோலப் போய்விடுவார்.

மழைக்காலத்தில் ஒரு முதல் ஞாயிறு. பெங்களூர் மழை உங்களுக்குத் தெரியுமே, நனைக்காமல் நனைக்கிற தூறல். கோயிலுக்குள் ஈரக் குடையும் நாப்தலின் உருண்டையும் சேர்ந்த வாசனை. அப்பம் வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொல்வோம். நாங்கள் இந்த மேசைக்குத் தகுதியானவர்கள் அல்ல, எங்கள் நன்மையை நம்பி நாங்கள் இங்கே வரவில்லை என்று அர்த்தம் வரும். வழக்கம்போல அப்பாவின் குரல்தான் முன்னால் போயிற்று. போன குரல் நடுவில் நின்றுவிட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்பா வாயைத் திறந்தபடி இருந்தார். அடுத்த சொல் வரவில்லை. எத்தனை வருஷம் சொன்ன ஜெபம். சபை அவரை விட்டுவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் அம்மாவின் மெல்லிய குரல் கேட்டது. அவர் அதைப் பின்பற்றிச் சேர்ந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஆமென் மட்டும் சொன்னார்.

மறந்துவிட்டதா, இல்லை முதல் தடவையாகத் தான் சொல்வது தன் காதிலேயே விழுந்ததா, எனக்குத் தெரியாது. அவர் கடைசி வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் பெஞ்சின் முறை வந்தது. அப்பா எழுந்தார்.

“எனக்கு?” என்றாள் அக்கா.

அப்பா அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு போனார். கிராதியில் முழங்காலிட்டார், கையை நீட்டினார், ஐயர் வைத்தார். எல்லோரும் கையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். அப்பா கையை மூடிக்கொண்டார். ரசப் பாத்திரம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். ஐயர் பார்த்தார் என்று எனக்கு நிச்சயம். பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பா நடுப்பாதையில் நடந்து வந்தார். இரண்டு பக்கமும் தலைகள் திரும்பின. பாட்டு ஒரு வரி தேய்ந்து, ஆர்கன் மட்டும் தனியாகப் போயிற்று. பெஞ்சுக்கு வந்து அக்காவின் முன்னால், அந்த ஈரத் தரையில் முழங்காலிட்டு, எண்ணெய் ஊறிக் கறுத்த விரல்களைத் திறந்தார். அப்பம் வியர்வையில் இளகி உள்ளங்கை ரேகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா நகத்தால் சுரண்டி எடுத்து, ஒரு துணுக்கு விடாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

செக்ரட்டரி மாமா பக்கவாட்டு வழியாக வேகமாக வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என்ன சார் இது? அவ இன்னும் தேறலையே” என்றார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. தரையில் இருந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நானும் தேறலைங்க” என்றார்.

அம்மா பெஞ்சில் நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டாள். அக்கா இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்து, அதற்குள்ளும் ஒன்று இருக்கிறதா என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.